சூடாக ஒரு வாய் டீ

"பிள்ளை பிறந்து எட்டு மாசமாச்சு. இன்னும் ஒரு டீயைக்கூட நான் சூடாக் குடிக்கலைம்மா" என்றாள் செண்பகம்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஹிசாயோ. ஜப்பானில் கியோட்டோ பக்கம் ஒரு மலையடியில் தேநீர்ச் சடங்கு நடத்தும் குரு. புருஷன் வேலைக்காக அந்த ஊருக்குக் குடிவந்தவள் செண்பகம். அந்த ஊர்ப் பேச்சும் ஓரளவு பழகியிருந்தது.

"தம்ளரைக் கையில எடுத்தாப் போதும், இவனுக்கு மூக்கு வேர்த்துடும். முழிச்சுக்குவான். ஆறிப்போனதைக் குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சு."

"சரி."

"இங்க வந்தா அமைதி கிடைக்கும்னு சொன்னாங்க. ஒரே ஒரு டீ. சூடா, நிம்மதியா. கிடைக்குமா?"

"சூட்டை நான் பாத்துக்கறேன். நிம்மதியை நீ பாத்துக்க."

தேநீர்க் குடிசைக்கு வாசல் என்று இருந்தது ஜன்னல் அளவு ஒரு பொந்து. யாரானாலும் தவழ்ந்துதான் உள்ளே போகணும்.

பிள்ளை முதுகில் தூங்க, அம்மா தவழ்ந்தாள்.

"வீட்ல இவன். இங்க நானா?"

உள்ளே பாய் விரித்திருந்தது. பிள்ளையை அவிழ்த்துப் பக்கத்தில் கிடத்தினாள். முழிக்கவில்லை.

குரு இனிப்பு ஒன்றை வைத்தார். செண்பகம் ஒரே வாயில் போட்டுக்கொண்டாள்.

குரு பட்டுத்துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். பளபளவென்று இருந்த கரண்டியைத் துடைத்தார். கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக் கழுவினார்.

"அது கழுவினதுதானேம்மா?" செண்பகம் கிசுகிசுத்தாள். "சீக்கிரம். முழிச்சுடுவான்."

குரு கிண்ணத்தை மெதுவாகத் துடைத்தார்.

அடுப்பில் கெட்டில் உஸ்ஸென்றது. பிள்ளை காலை உதறினான்.

இருவரும் சிலை மாதிரி இருந்தார்கள்.

பிள்ளை சப்புக்கொட்டிவிட்டுத் தூங்கினான்.

குரு பச்சைத் தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் மத்தால் நுரை வர அடித்தார்.

"பால்?"

"கிடையாது."

"சீனி?"

"அதான் இனிப்பு தின்னியே."

"உங்களுக்கு டீ?"

"கலந்து கொடுக்கறவங்க குடிக்கற வழக்கம் இல்ல."

கிண்ணம் வந்தது. செண்பகம் கும்பிட்டாள். குரு சொல்லிக்கொடுத்தபடி கிண்ணத்தை இரண்டு திருப்பு திருப்பினாள். ஆவி முகத்தில் பட்டது. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

உதட்டருகே கொண்டுபோனாள்.

குடிசையில் சத்தமே இல்லை. கெட்டில்கூட அடங்கிவிட்டது.

செண்பகத்தின் கை அப்படியே நின்றது.

"குடி" என்றார் குரு.

"இருங்கம்மா. இவன் ஏன் இவ்வளவு நேரம் தூங்கறான்?"

"தூக்கம் வந்திருக்கு."

"சத்தமே காணோமே."

கிண்ணத்தைப் பாயில் வைத்தாள். குனிந்தாள். பிள்ளையின் மூக்கடியில் விரலைக் கொண்டுபோய் வைத்தாள்.

மூச்சு வந்தது.

பிள்ளை கண்ணைத் திறந்தான். விரலைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். மலையடி முழுக்கக் கேட்கும்படி வீரிட்டான்.

செண்பகம் அவனை அள்ளித் தோளில் போட்டுத் தட்டினாள்.

"பாத்தீங்களாம்மா? எப்பவும் இப்படித்தான்! ஒரு டீ குடிக்க விடமாட்டான்!"

குரு அவள் முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்தார். இரண்டு திருப்பு திருப்பினார். மூன்றே மடக்கில் குடித்து முடித்தார்.

உதட்டில் ஒட்டிய நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"சூடு சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.