தேனாத்தாள் மலையில் மச்சான் பிடித்த கயிறு

செம்பாறைக்கோட்டை ராஜா பூவரச பூபதியின் மீசையில் ஒரு நரை முளைத்துவிட்டது. நாட்டில் பஞ்சமில்லை, படையெடுப்பில்லை, ராஜாவுக்கு வேறு வேலையும் இல்லை. அதனால் அந்த ஒற்றை மயிர் பெரிய ராஜாங்க விவகாரமாகிப் போனது. வைத்தியர் மை பூசினார். வியர்த்ததும் மை வழிந்து, ராஜா சிரித்தால் பல்லும் சேர்ந்து கறுப்பாகத் தெரிந்தது.

அப்போதுதான் தளவாய் ராசகேசரி ஒரு யோசனையோடு வந்தார். அவர் படைத்தலைவர் மட்டுமல்ல, ராணியின் கூடப்பிறந்த அண்ணன். கோட்டைக்கு மேற்கே தேனாத்தாள் மலை இருக்கிறதே, அந்த மலைத் தேனைத் தன் கையாலேயே எடுத்துத் தின்றவனுக்கு நரையே கிடையாது என்றார்.

அவர் சொன்னதில் புதிதாக ஒன்றுமில்லை, ஊரே நம்புகிற சங்கதிதான். மலைக்காரர்களுக்கு அந்த மலை வெறும் கல்லில்லை, ஆத்தாள். உச்சியில் மேகம் தங்கினால் ஆத்தாள் தலைக்குக் குளித்து முடி உலர்த்துகிறாள் என்பார்கள். செருப்போடு ஏறினவன் நாளெல்லாம் நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவானாம். செங்குத்துப் பாறையில் ஆடுகிற தேனடைகள் அவள் காதுத் தொங்கட்டான்களாம். கயிற்றில் தொங்கிக்கொண்டு அதைப் பறிக்க வேண்டும். கீழே பார்த்தால் பனைமரம் கோரைப்புல்லாகத் தெரியும்.

ராஜா துள்ளிக் குதித்தார். "நானே இறங்குகிறேன்" என்றார். சபை முழுக்க ஆகா ஓகோ என்றது.

சந்தோஷப்படாத ஆள் ஒருவன்தான். அவன் வடுகநாதன், ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிற அடைப்பக்காரன். ராஜாவுக்கு அவன் பேச்சும் பிடிக்கும், பாக்கும் பிடிக்கும். அன்று காலைதான் அவன் ஒன்றைப் பார்த்திருந்தான். அரண்மனைத் தையல்காரர் சிம்மாசனத்துக்குப் புது மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். ராஜா ஒல்லி. மெத்தையோ தளவாயின் அகலத்துக்கு இருந்தது. இளவரசன் இன்னும் தொட்டிலில் கிடக்கிறான். ராஜா போய்விட்டால் ஆளப்போவது தாய்மாமன்தான். வடுகநாதனுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் வாயைத் திறக்க முடியுமா? முன்பு ஒருமுறை தளவாயைப் பற்றி முணுமுணுத்த ஜோசியர் இப்போது உப்பளத்தில் காக்கை விரட்டிக்கொண்டிருக்கிறார். ராணி காதில் விழுந்தால் ராஜாவே காப்பாற்ற முடியாது.

மறுநாள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு மலை ஏறினார்கள். மலைக்காரர் தலைவர் கரியன் மூப்பன் சூடம் கொளுத்தி ஆத்தாளிடம் உத்தரவு கேட்டார். ஒரு கிழட்டு மரத்தில் தளவாயின் ஆட்கள் கயிற்றைக் கட்டியிருந்தார்கள். அந்த முடிச்சுக்குப் பக்கத்திலேயே தளவாய் நின்றார், இடுப்பில் கத்தியோடு.

ராஜா எட்டிப் பார்த்தார். தலை கிறுகிறுத்தது. அதை மறைக்க மூப்பனிடம் பேச்சுக் கொடுத்தார். "தேனுக்கு மத்தியிலேயே இருக்கிறாய், உன் தலை ஏனப்பா இப்படி வெளுத்திருக்கிறது?"

"நான் இறங்குறவன் இல்ல சாமி. மேல நின்னு கயிறு பிடிக்கிறவன்" என்றார் மூப்பன்.

வடுகநாதன் சட்டென்று முன்னால் வந்தான். "உங்க வழக்கப்படி யார் யாருக்குக் கயிறு பிடிக்கணும், மூப்பரே?"

"இறங்குறவனோட மச்சான்தான் பிடிக்கணும். தங்கச்சி தாலிய அறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்?"

தளவாய்க்குப் பாயசம் குடித்தது போல இருந்தது. அப்படியானால் அது தன் உரிமை என்று மார்தட்டினார். ராஜா நெகிழ்ந்துபோய் மச்சானைக் கட்டிக்கொண்டார்.

"ரொம்பப் பொருத்தம்" என்றான் வடுகநாதன். "ஆனா ஒண்ணு. மரம் ஆத்தாளோடது, அதுல நாம பாரம் போடக்கூடாது. கயிற்றோட இந்த நுனியை மச்சான் இடுப்புலதான் கட்டணும். அப்படித்தானே மூப்பரே?"

மூப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் வடுகநாதன் ஒரு பெரிய வெற்றிலைச் சுருளைத் திணித்தான். ராஜாவுக்கென்று மடித்த வெற்றிலை, துப்பினால் அவமரியாதை. பாவம், மூப்பன் கன்னம் உப்ப மென்றுகொண்டே தலையை ஆட்டினார். அந்த ஆட்டலை ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். ராஜா ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்துத் தளவாயின் இடுப்பில் இறுக்கினார்கள். மறுநுனி ராஜாவின் இடுப்பில். தளவாய் ஒருமுறை பள்ளத்தைப் பார்த்தார், ஒருமுறை தன் இடுப்பைப் பார்த்தார். முகம் வெளிறியது. திடீரென்று அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பிறகு இன்று மேற்கே சூலம் என்பது ஞாபகம் வந்தது. தேன் உடம்புக்குச் சூடு என்றார். கடைசியில் ராஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நரை இருந்தால்தான் மாப்பிள்ளை ராஜ கம்பீரம்" என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

ராஜா நரைக்குப் பயந்தவர்தானே தவிர முட்டாளில்லை. மச்சானின் முகத்தைப் பார்த்தார். அவிழ்த்துவிட்ட மரத்தைப் பார்த்தார். இடுப்பிலிருந்த கத்தியைப் பார்த்தார். நெஞ்சு ஒரு கணம் வலித்தது. கூடவே இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்ற சந்தோஷமும் பொங்கியது. அடக்க முடியாமல் சிரித்தார். சிரித்த சிரிப்பில் மகுடம் கழன்று உருண்டது. மூப்பன் காலால் தடுத்திராவிட்டால் அது ஆத்தாளுக்குக் காணிக்கையாகப் போயிருக்கும்.

அங்கேயே கத்தியும் தளவாய்ப் பதவியும் பறிபோயின. ராசகேசரி உப்பளத்துக்குப் போகவும், ஜோசியர் திரும்பி வரவும் உத்தரவானது. வடுகநாதன் கழுத்தில் ராஜாவின் முத்துமாலை விழுந்தது. மீசை நரை, இருந்த இடத்திலேயே இருந்தது.

இதற்குள் மூப்பன் ஒருவழியாக வெற்றிலையை மென்று விழுங்கியிருந்தார். "சாமி, மச்சான் கயிறு பிடிக்கிறது எங்க வழக்கம்தான். ஆனா இடுப்புல கட்டுறதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். நாங்க கையாலதான் பிடிப்போம்."

ராஜா வடுகநாதனை முறைத்தார். "ஆத்தாள் மலையிலேயே பொய்யா?"

வடுகநாதன் கைகட்டி நின்றான். "வழக்கம் ஒண்ணுதான் மகாராஜா. மலையில இருக்கிற மச்சானுக்குக் கையே போதும். அரண்மனை மச்சானுக்குத்தான் இடுப்பையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கு."