கம்பவுண்டரின் பெயர்

"அம்மா, இந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் நான் படிக்காம விட்டுரட்டுமா?"

கேட்டவர் உபதேசியார் மதுரநாயகம். வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருடம் கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலில் வேதம் வாசித்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னால் நின்று ஜெபித்தவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போதகராகக் குருப்பட்டம்.

எதிரே இருந்தவர் போதகர் எப்சிபாள். மதுரநாயகத்தின் மூத்த மகளைவிட இரண்டு வயது சின்னவர். பட்டம் வாங்கப் போகிறவர்களை மூன்று நாள் தியானத்தில் வைப்பது அவர் பொறுப்பு. பிரசங்கப் புத்தகம் கொடுப்பார் என்று வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு பழைய நாவலைத் திணித்துவிடுவார். படித்துவிட்டு வந்து பேச வேண்டும், அவ்வளவுதான் தியானம். பேராயரின் திருமண்டலத்தில் இதைப் பற்றி முணுமுணுப்பு உண்டு. அந்த அம்மா அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"ஏன் படிக்க மாட்டேங்கீங்க?"

"பயமாருக்கு."

"பேய்க்கதையா?"

"இல்லம்மா. ஒரு டாக்டர் கதை. வெள்ளைக்காரன் தேசத்துல நடக்குது."

"சொல்லுங்க."

"டாக்டர் ஒரு பிள்ளைக்கு மருந்த மாத்திக் குடுத்துட்டாரு. பிள்ளை செத்துப் போச்சு. பழி கம்பவுண்டர் மேல விழுந்துச்சு. டாக்டர் வாயத் திறக்கலை. கம்பவுண்டர் ஜெயிலுக்குப் போயிட்டான். இவரு கோயில்ல முன்வரிசையில உக்காந்து பாட்டுப் பாடுதாரு."

"நல்லாப் பாடுவாரோ?"

"நல்லாத்தான் பாடுவாரு," என்றார் மதுரநாயகம்.

அவருக்கும் நல்ல குரல்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தின நாள். நற்கருணைக்கான வெள்ளிப் பாத்திரத்தைத் துலக்குவது கோயில்குட்டியின் வேலை. மணி அடித்து, கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றுகிறவருக்கு அங்கே அப்படித்தான் பெயர். அன்று அவர் துலக்கியது உபதேசியாருக்குத் திருப்தியாக இல்லை. தானே கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்தார். கழுவிக் கிணற்றுத் திண்டில் வைத்தார். வாளியை இழுக்கும்போது கயிறு தட்டிப் பாத்திரம் உள்ளே போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் பாத்திரத்தைக் காணோம் என்றதும் கமிட்டி கோயில்குட்டியைத்தான் பிடித்தது. திருட்டுப் பட்டம் கட்டி, கோயில் வளாகத்து வீட்டிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு வெளியே அனுப்பியது. அந்தக் கூட்டத்தை ஜெபம் செய்து முடித்து வைத்தவர் மதுரநாயகம். பாவி மனுஷன், அந்த ஜெபமும் உருக்கமாகவே இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க அவருக்குத் தூக்கம் போய்விடும். கோயில்குட்டியின் பெயரை அவர் ஒருநாளும் உச்சரித்ததில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வருகிறது. பட்டம் கொடுக்கும் முன் பேராயர் சபையைப் பார்த்துக் கேட்பார். இவருக்கு ஏதாவது தடை இருப்பது தெரிந்தால் இப்போதே சொல்லலாம் என்பார். யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

"டாக்டர் பிடிபட்டிருவாருன்னு பயமா?" என்று கேட்டார் எப்சிபாள்.

"ஆமா."

"தப்பிச்சிட்டாருன்னா சந்தோஷப்படுவீங்களா?"



"அது இன்னும் பயமாருக்கும்மா."

"ஏன்?"

"தப்பிச்சிட்டாருன்னா, மேல இருந்து கேக்கதுக்கு ஒருத்தரும் இல்லைன்னு ஆயிருமே."

மதுரநாயகம் நாவலை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"முடிவ நீங்களே சொல்லிருங்கம்மா. நான் கேட்டுக்கிடுதேன்."

"படிச்சு ரொம்ப நாளாச்சு. அந்தக் கம்பவுண்டர் பேரென்ன?"

வாயில் நுழையாத பெயர் அது. நேற்று முழுக்கப் பக்கத்துக்குப் பக்கம் பார்த்ததுதான். மதுரநாயகம் கண்ணை மூடி யோசித்தார்.

"வேதமாணிக்கம்," என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வெள்ளைக்காரன் தேசத்தில் கோயில்குட்டி வேதமாணிக்கத்துக்கு என்ன வேலை?

எப்சிபாள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"இப்ப எங்க இருக்காரு?"

"களக்காட்டுல. மக வீட்டுல."

எப்சிபாள் அவர் மடியிலிருந்த நாவலை எடுத்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"பட்டம் போயிரும்மா," என்றார் மதுரநாயகம். "ஊரே காறித் துப்பும். அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்? பயமாருக்கு."

"இருக்கும்," என்றார் எப்சிபாள். "உங்க செருப்பு வாசல்ல கெடக்கு."