காதில் ஒரு வெட்சிப் பூ

ஒரு பெரிய ஏரி. அதன் கிழக்குக் கரை நாவல் மரத்தில் செவந்தி என்கிற அணில் தன் மூன்று குட்டிகளோடு இருந்தது. மேற்குக் கரை இலுப்பை மரத்தில் அதன் அக்கா மரிக்கொழுந்து இருந்தது. கரையைச் சுற்றிப் போனால் அரை நாள் பயணம். அந்த அரை நாள்தான் இரண்டுக்கும் ஒரு வருஷமாகக் கிடைக்கவில்லை.

மழைக்காலம் நெருங்கியது. செவந்தி பொந்து நிறைய நிலக்கடலை சேர்த்து வைத்திருந்தது. மழை பிடித்தால் வெளியே தலைகாட்ட முடியாது. குட்டிகள் பிழைப்பது அந்தக் கடலையால்தான்.

ஒரு நாள் காலையில் மரத்தடிக்கு ஒரு நரி வந்தது. தோளில் மூட்டை, கையில் ஒரு கொத்து வெட்சிப் பூ. முகத்தில் அப்படி ஒரு சோகம்! பெற்ற தாய் செத்தால்கூட நரிகள் அவ்வளவு சோகப்படுவதில்லை.

"தருமம் பண்ணுங்க தாயே! மேற்குக் கரையில ஒரு அணில், இடி விழுந்து உடம்பெல்லாம் வெந்துபோச்சு. வைத்தியச் செலவுக்குத்தான் ஊர் ஊரா அலையறேன்!"

செவந்தி சரசரவென்று கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தது. "ஐயையோ! எங்க அக்கா அந்தக் கரையில இலுப்பை மரத்துலதான் இருக்கா!"

"இலுப்பை மரமேதான்! அதான் மூச்சுக்கு மூச்சு 'தங்கச்சி, தங்கச்சி'ன்னு முனகுது!"

"என் பேரைச் சொல்லுச்சா?"

"சொல்லாம இருக்குமா? வாய் குழறுது, எனக்குத்தான் சரியா விளங்கல."

"செவந்தின்னு சொல்லியிருக்கும்!"

"அதே, அதே! செவந்தி!"

"நான் இப்பவே அக்காவைப் பார்க்கணும், அண்ணே!"

"கூடவே கூடாது! வைத்தியர் கரடி உத்தரவு. சொந்தக்காரங்க மூச்சுக்காத்து பட்டாலே புண்ணு சீழ் வெச்சுரும். நீ கொடுக்கறதைக் கொடு, நான் கொண்டுபோய் ஊட்டிவிடறேன். யோசிச்சுக்கிட்டு நிக்காதே, இன்னிக்குப் பொழுது தாண்டினா உயிர் தங்காது!"

அரை நாள் பயணம், குட்டிகளை யார் பார்ப்பது என்று நினைத்தது செவந்தி. அதுதான் நரியண்ணன் இவ்வளவு கஷ்டப்படுகிறாரே! பொந்தில் ஒரு பிடிகூட மிச்சம் வைக்காமல் கடலையை அள்ளிக் கொட்டியது.

நரி அதன் காதில் ஒரு வெட்சிப் பூவைச் செருகி, "புண்ணியவதி!" என்றது. அழுகைக்கு நடுவிலும் அந்த வார்த்தை செவந்திக்கு இனித்தது. அன்று முழுக்கப் பூவைக் காட்டிக்கொண்டு கிளை கிளையாகத் தாவியது. பூ இல்லாத ஓணானைப் பார்த்து, "நெஞ்சுல ஈரமில்லாத ஜென்மம்!" என்று திட்டியது. "அந்த வைத்தியர் எந்தக் குகையில இருக்காரு?" என்று கேட்ட ஒரே குற்றத்துக்காக அந்த ஓணான் நரியிடமும் வசவு வாங்கியிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. குட்டிகள் பசியில் கீச்சிட்டன. நாலாம் நாள் வானம் சற்று வெளுத்தது. செவந்தி குட்டிகளை அந்த ஓணானிடமே ஒப்படைத்துவிட்டு ஓடியது. அக்கா உயிரோடு இருந்தால் பார்க்கலாம், அப்படியே நாலு கொட்டையும் கேட்கலாம். அக்கா வெந்து கிடந்தபோது கிடைக்காத அரை நாள், வயிறு காய்ந்ததும் எப்படியோ கிடைத்துவிட்டது.

இலுப்பை மரத்துக் கிளையில் மரிக்கொழுந்து வாலைக் கோதிக்கொண்டிருந்தது. உடம்பில் ஒரு மயிர்கூடக் கருகவில்லை! தங்கையைப் பார்த்ததும் அது அலறியது. "பேய்! பேய்!"

"அக்கா, நான்தான்!"

"அடியே, உன்னைப் பாம்பு கடிச்சிருச்சு, பிழைக்க மாட்டேன்னு நரியண்ணன் சொன்னாரே! நாவல் மரத்துச் செவந்தின்னு பேரோட சொன்னாரே! இருந்த கொட்டையெல்லாம் வாரிக் கொடுத்தேனே!"

அக்காவின் காதிலும் ஒரு வெட்சிப் பூ வாடிக் கிடந்தது.

"வந்து பார்க்கணும்னு தோணலையாக்கா?" என்று கேட்ட செவந்தி, கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டது.

"அதான் கொடுத்துட்டேனே," என்றது அக்கா மெதுவாக. இரண்டும் கட்டிக்கொண்டு அழுதன. சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி.

அப்போது கீழே ஒரு குரல் கேட்டது. "தருமம் பண்ணுங்க தாயே!"

நரிதான்! மூட்டை முன்பைவிடப் பெருத்திருந்தது. பின்னால் முயல், மயில், காட்டுப்பன்றி என்று ஒரு கூட்டமே வந்தது. எல்லார் காதிலும் பூ. செவந்தி சட்டென்று பொந்துக்குள் ஒளிந்துகொண்டது.

"மரிக்கொழுந்து, மனசைத் தேத்திக்கம்மா! உன் தங்கச்சி நேத்து என் மடியிலதான் கண்ணை மூடினா. கருமாதிக்கு வசூல் பண்றேன்!"

"ஐயோ! கடைசியா ஏதாவது சொன்னாளா, அண்ணே?"

"எல்லாத்தையும் நரியண்ணன் கையில கொடுக்கச் சொன்னா!"

பொந்திலிருந்து ஒரு தலை நீண்டது. "என் கருமாதிக்கு என்ன பலகாரம், அண்ணே? வடை உண்டா?"

கூட்டம் திகைத்தது. நரி திகைக்கவில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கியது. "பார்த்தீங்களா! உங்க தருமத்தோட சக்தி! செத்தவளையே எழுப்பிருச்சு!"

நம்பினால் நம்புங்கள், கூட்டம் ஆரவாரம் செய்தது! முயல் மனம் நெகிழ்ந்து இன்னொரு கிழங்கை மூட்டையில் போட்டது.

செவந்திக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் இந்தத் தடவை அது அழவில்லை, கேட்டது. "ரொம்ப சந்தோஷம், அண்ணே! எனக்காக வாங்கினதெல்லாம் இந்த மூட்டையிலதானே இருக்கு? நானே வந்துட்டேன். என் கையிலயே கொடுத்துருங்க!"

"ஆமா, கொடுங்க! நாங்களும் கண்ணாரப் பார்க்கறோம்," என்றது காட்டுப்பன்றி.

நரி மூட்டையைப் பார்த்தது. காட்டுப்பன்றியின் கோரைப்பல்லைப் பார்த்தது. "வைத்தியர் கரடிகிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தது.

"வாங்க, எல்லாருமே போய்க் கேட்போம்! எந்தக் குகை?" என்றது மரிக்கொழுந்து.

ஓணான் கேட்ட அதே கேள்வி! நரி மூட்டையைப் போட்டுவிட்டுப் பின்னங்கால் பிடரியில் பட ஓடியது.

"பாவம், வைத்தியரைக் கூட்டிவரத்தான் இப்படி ஓடறாரு," என்றது முயல்.

அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். செவந்தி தன் கடலையோடு வீடு திரும்பியது, குட்டிகளுக்கு ஊட்டுவதற்கு முன்பே ஓணானிடம் மன்னிப்புக் கேட்டது.

பிறர் துன்பத்துக்கு இரங்குங்கள், ஆனால் 'யாருக்கு, எங்கே?' என்று கேட்டுவிட்டு, முடிந்தால் நேரிலேயே போய்க் கொடுங்கள், அந்தக் கேள்விக்குக் கோபப்படுகிறவனுக்கு மட்டும் ஒரு கடலைகூடக் கொடுக்காதீர்கள்.