ஆலாவின் முட்டைக்கு நிழல் தேடிய முயல்

கடற்கரை ஓரத்து உடைமரக் காட்டில் ஒரு முயலும் ஒரு கழுதையும் அடுத்தடுத்துக் குடியிருந்தன. முயலுக்கு இளகிய மனசு. யாருக்காவது சிரமம் என்று பட்டால் போதும், ஓடிப்போய்ச் சரிசெய்துவிடும். சிரமப்படுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் அதற்கு நேரம் இருக்காது.

கரைக்கு எதிரே ஒரு மணல் தீவு இருந்தது. கடல் வற்றும் நேரத்தில் தீவு வரைக்கும் முழங்கால் தண்ணீர்தான் நிற்கும். கடல் ஏறிவிட்டால் வழி மூடிவிடும். ஒருநாள் காலையில், தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று முயல் ஆசையாகக் கேட்டது. கழுதையும் சரி என்று முயலை முதுகில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது.

பாதி வழியில் முயல் கழுதையின் காதைப் பார்த்தது. ஒரு கொத்துக் கடல்பாசி அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐயே, அழுக்கு என்று அதை இழுத்துத் தண்ணீரில் எறிந்தது. வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று கழுதையே தலையை முக்கி எடுத்து மாட்டிக்கொண்ட பாசி அது. கழுதை ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி.

தீவில் இறங்கியதும் கழுதை ஒரே ஒரு விஷயம் சொன்னது.

"தங்கச்சி, இங்கே ஈர மணலிலேயே நடக்கணும். மேலே காய்ந்த மணலில் ஏறக் கூடாது. இந்தத் தீவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான்."

"ஏன் அண்ணே?"

"எனக்கும் தெரியாது. என் அம்மா அப்படித்தான் நடந்தாள். நானும் நடக்கிறேன்."

சொல்லிவிட்டுக் கழுதை அலையோரமாகப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

முயல் ஈர மணலில் தாவித் தாவிப் போயிற்று. உள்ளான் குருவிகள் நீள அலகால் சேற்றைக் குத்திக் குத்திப் புழு தேடிக்கொண்டிருந்தன. ஒரு பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் தண்ணீரைச் சலித்துக்கொண்டிருந்தது. பாவம், கழுத்துச் சுளுக்கிக்கொண்டது போலிருக்கிறது என்று முயல் பதறிப்போய் அதன் தலையைப் பிடித்து நிமிர்த்தியது. வாய் நிறைய இருந்த குட்டி இறாலெல்லாம் கொட்டிப்போயிற்று. பூநாரை முறைத்துப் பார்த்துவிட்டு, நெட்டைக் காலை எடுத்து வைத்து அப்பால் போய்விட்டது. உதவியின் அருமை தெரியாத பறவை என்று முயல் நினைத்துக்கொண்டது.

அப்போதுதான் மேட்டு மணலில் ஏதோ ஒன்று கண்ணில் பட்டது. கழுதை சொன்னது முயலுக்கு நினைவிருந்தது. ஆனாலும் ஏறிப்போய்ப் பார்த்தது.

ஒரு முட்டை. மணல் நிறத்தில், பழுப்புப் புள்ளியோடு. கூடு இல்லை, குச்சி இல்லை, ஒரு புல்கூட இல்லை. சின்னக் குழியில் வெட்டவெளியில் கிடந்தது. மேலே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

முயலுக்கு நெஞ்சு பதறிப்போயிற்று. தன் குட்டிகளைப் புதருக்குள் ஒளித்து, புல்லை மூடி, யார் கண்ணிலும் படாமல் வளர்த்த முயல் அது. "பெற்ற பிள்ளையை இப்படியா வெயிலில் போட்டுவிட்டுப் போவாள் ஒருத்தி?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. முன்னங்கால்களால் முட்டையை மெல்ல உருட்டிக்கொண்டே போய், அடம்பங்கொடிப் புதரின் நிழலில் வைத்தது. மேலே நாலு இலையையும் போட்டு மூடியது. பிறகு நிம்மதியாக இறங்கிவந்து கொஞ்ச நேரம் விளையாடியது.

திரும்பி வருகிறபோது ஒரு காட்சியைப் பார்த்து நின்றுவிட்டது.

வெள்ளை உடம்பும் கறுப்புத் தலையும் கொண்ட ஓர் ஆலாப் பறவை அந்தக் காலிக் குழியில் உட்கார்ந்திருந்தது. அதன் மார்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உட்காரும், எழுந்து குழியைப் பார்க்கும், சுற்றிச் சுற்றி வரும், மறுபடி உட்காரும். பிறகு கடலுக்குப் பறந்துபோய் மார்பை நனைத்துக்கொண்டு வந்து, ஒன்றுமில்லாத அந்தக் குழியிலேயே மறுபடி அமரும்.

முயல் பக்கத்தில் போயிற்று. கவலைப்பட வேண்டாம், முட்டையை நான்தான் புதர் நிழலில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிற்று.

ஆலா சட்டென்று புதர்ப் பக்கம் திரும்பியது.

"புதரிலா வைத்தாய்? அங்கே நண்டு குடியிருக்கிறதே, அம்மா."

முயல் புதரைத் திரும்பிப் பார்த்தது.

"நான் போட்டுவிட்டுப் போகவில்லை," என்றது ஆலா. "மார்பை நனைத்துவரப் போனேன். அந்த ஈரத்தில்தான் என் முட்டை வெயிலைத் தாங்கும். மணலோடு மணலாகக் கிடந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. புதருக்குள் என்னால் நுழைய முடியாது. என் சிறகு நீளம். என் கால் குட்டை, முட்டையை உருட்டவும் வராது."

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து கழுதையின் குரல் கேட்டது. கடல் ஏற ஆரம்பித்துவிட்டது, உடனே வா என்று கூப்பிட்டது. முயல் கடலைப் பார்த்தது. ஆலாவின் ஈர மார்பைப் பார்த்தது. பிறகு புதரை நோக்கி ஓடியது.

இலைகள் விலகிக் கிடந்தன. பெரிய நண்டு ஒன்று ஒரு கொடுக்கை முட்டையின் மேல் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் உடைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"வா, முயலம்மா," என்றது நண்டு. "என் வாசலில் இலை போட்டு விருந்து வைத்தது நீதானே? இந்தத் தீவில் யாரும் எனக்கு இப்படிச் செய்ததில்லை."

அது விருந்தில்லை, தெரியாமல் வைத்துவிட்டேன், கொடுத்துவிடு என்று முயல் கெஞ்சியது.

"பரிமாறிய இலையிலிருந்து யாராவது திருப்பி எடுப்பார்களா?" என்று சிரித்துக்கொண்டே நண்டு கொடுக்கை ஓங்கியது.

முயல் யோசிக்கவில்லை. தன் நீளக் காதை முட்டைக்கு மேலே நீட்டிவிட்டது. கொடுக்கு காதைக் கவ்வியது. உயிர் போகிற வலி. முயல் தலையை ஒரு சுழற்றுச் சுழற்றியதில், காதின் நுனி கிழிந்து கொடுக்கோடு போக, நண்டு புதருக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

முட்டையை உருட்டிக்கொண்டு முயல் வெட்டவெளிக்கு வந்தது. வெட்டவெளி என்றாலே முயலுக்கு நடுக்கம். போதாததற்கு, திருட வந்தது என்று நினைத்துத் தீவின் ஆலாக் கூட்டமே மேலெழும்பி அதன் முதுகில் கொத்தியது. முயல் ஓடவில்லை. சூடான மணலில், முட்டையில் ஒரு கீறலும் விழாமல், மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டே வந்து பழைய குழியிலேயே முட்டையைச் சேர்த்தது. பிறகு தள்ளிப்போய் நின்றது.

ஆலா வந்து உட்கார்ந்தது. உடனே எழுந்தது. அது முயலைப் பார்த்து, "உன் காது நீளம். உள்ளே உயிர் இருக்கிறதா, கேட்டுச் சொல்கிறாயா?" என்றது.

முயல் கிழிந்த காதை முட்டையின் மேல் வைத்தது. சுற்றிலும் அலைச் சத்தம். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. முயலின் கண் கலங்கியது. பிறகு, ஓட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, 'கிச்' என்று ஒரு சின்னக் குரல்.

"இருக்கிறது," என்றது முயல்.

ஆலா ஈர மார்பை முட்டையின் மேல் தாழ்த்தி அமர்ந்தது.

முயல் வந்த வழியே இறங்கி, ஈர மணலில் மட்டும் கால் வைத்து, அலை ஓரமாகச் சுற்றிக்கொண்டு ஓடியது. கழுதை போகாமல் வயிறளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. முயலின் காதைப் பார்த்தது. முயல் ஏறிக்கொள்ள முதுகைத் தாழ்த்தியது.

நடுவழியில் ஒரு பெரிய அலை கழுதையின் தலையை நனைத்துவிட்டுப் போயிற்று. அது போன பிறகு, கழுதையின் காதில் ஒரு கொத்துப் பாசி தொங்கியது. முயலின் கால் தானாக நீண்டது. பாதியிலேயே நின்றது.

"அண்ணே, காதில் பாசி ஒட்டியிருக்கிறது. எடுத்துவிடட்டுமா?"

"இருக்கட்டும் தங்கச்சி. குளுகுளு என்று இருக்கிறது."

முயல் காலை மடக்கிக்கொண்டது. இரண்டும் கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

பிறர் படும் சிரமம் என்று நமக்குத் தோன்றுவது அவர்கள் வாழும் முறையாகவும் இருக்கலாம், ஆகவே உதவக் கை நீட்டும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.