நாலு தென்னையில் கட்டிய வலைத்தளம்

காங்கேயம் பக்கம் மூலக்காட்டுவலசில் மூன்று பேர் கூட்டாகக் கயிற்றுப் பட்டறை நடத்திவந்தார்கள். நாச்சிமுத்து, பெரியதம்பி, கருப்பணன். மூவரில் நாச்சிமுத்துதான் படித்தவன். அதாவது, எழுத்துக்கூட்டிப் படிப்பான். அதனால் யோசிக்கிற வேலையும் அவன் தலையில் விழுந்தது.

ஒருநாள் சேலத்து மொத்த வியாபாரி அருணகிரி போன் செய்தார். "உங்க வலைத்தளத்தைப் பார்த்துட்டுத்தான் ஆர்டர். வெள்ளிக்கிழமைக்குள்ள தயாரா இருக்கணும். இல்லேன்னா வேற பட்டறைக்குப் போயிருவேன்."

இந்த ஆர்டரும் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். நாச்சிமுத்து டவுனுக்கு ஓடி, 'குறைந்த செலவில் வலைத்தளம்' என்றொரு துண்டுப் பிரசுரம் வாங்கிவந்தான்.

"வலைத்தளம்னா என்னங்கண்ணா?" என்றான் கருப்பணன்.

"வலைன்னா வலை. தளம்னா தளம். வலையில தளம் போடோணும்."

"அட, நம்ம தொழில்தான்!"

நாலு தென்னைகளுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு மேலே, தேங்காய்நார்க் கயிற்றில் வலை கட்டினார்கள்.

பிரசுரத்தின் அடுத்த வரி: 'விலை மலிவான, கூடுமானால் இலவசமான மென்பொருளைத் தேர்ந்தெடுக்கவும்.'

மூவரும் சந்தைக்குப் போய், மென்மையான பொருளையெல்லாம் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஸ்பாஞ்சு மெத்தை சுகமாக இருந்தது. விலை சுகமாக இல்லை.

"இட்லி மலிவு" என்றான் பெரியதம்பி.

"நாலு நாள் தாங்குமா?"

"எங்க ஊட்டு இட்லி தாங்கும்."

"மென்மை?"

"அது கிடையாது."

கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு மரத்தடியில் இலவம்பஞ்சு சும்மாவே கிடந்தது. மென்மை, இலவசம், இரண்டும் பொருந்திப்போக, மூன்று மூட்டை அள்ளிவந்து வலைமேல் பரப்பினார்கள்.

அடுத்த வரி: 'கோடு எழுதத் தெரிந்தவர் ஒருவர் தேவை.'

"எனக்குக் கோடு கோணலாப் போகும்" என்று கருப்பணன் ஒதுங்கிக்கொண்டான். பெரியதம்பியின் மனைவி மயிலாத்தாளைக் கூப்பிட்டார்கள். கல்யாண வீடுகளில் கோலம் போடுகிறவள். நாச்சிமுத்து முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்டான்.

"எத்தனை வருச அனுபவமுங்க?"

"இவரைக் கட்டறதுக்கு முந்தியிருந்தே."

"தப்பு வந்துட்டா?"

"கால்ல அழிச்சுட்டு மறுக்காப் போடுவேன்."

பெரிய பெரிய கம்பெனிகளிலும் அதைத்தான் செய்கிறார்கள் என்று நாச்சிமுத்து கேள்விப்பட்டிருந்தான். அன்றே சேர்த்துக்கொண்டான். வலைக்குக் கீழே நூறு கோடு நேராக விழுந்தது.

'வேகமாக லோடு ஆகவேண்டும்' என்றது கடைசி வரி. நாற்பது கட்டுக் கயிற்றை வலைமேல் வீசினார்கள். ஏழே நிமிஷம். லாரிக்கு லோடு ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும்.

வெள்ளிக்கிழமை அருணகிரி போன் செய்தார். "வலைத்தள முகவரி சொல்லுங்க."

"தண்ணித் தொட்டிக்கு மேக்காலீங்க."

"திறக்குதா?"

"எப்பவும் திறந்தேதான் கிடக்குதுங்க. ஆடுகூட வந்துபோகுது."

அருணகிரி காரை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

தென்னைகளைச் சுற்றி வந்தார். ஏணி வைத்து ஏறினார். பஞ்சில் உட்கார்ந்து ஒரு முடிச்சை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். நாற்பது கட்டும் அவரும் இருந்தும் வலை ஒரு விரற்கடைகூடத் தொய்யவில்லை. கீழே நாச்சிமுத்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கயிறு நல்ல கயிறு. ஆர்டர் உங்களுக்குத்தான்" என்றார்.

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மீசையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே இறங்கிய அருணகிரி, "ஆனா ஒண்ணு, இங்க இருக்கறது எல்லாத்தையும் நெட்டுல ஏத்திருங்க. அப்பத்தான் நாலு பேர் பார்ப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் கிளப்பிய தூசி அடங்குவதற்குள் வேலை தொடங்கிவிட்டது. கயிறு திரிக்கும் மெஷின் ஏறியது. சைக்கிள் ஏறியது. டீ போடும் சட்டி ஏறியது. மூவரும் ஏறினார்கள். மயிலாத்தாள் மட்டும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

"ஏணி கீழயே நிக்குது" என்றான் நாச்சிமுத்து. அதையும் மேலே இழுத்துக்கொண்டார்கள். நாலு பேருக்காகக் காத்திருந்தார்கள். பசித்தது.

"எறங்கோணும்னா ஏணி கீழ இருக்கோணுமே" என்றான் பெரியதம்பி.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் கருப்பணன் துணிந்தான். ஏணியைக் கீழே விட்டான். அதில் இறங்கினான். அசையாமல் நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான். திருப்தியோடு திரும்ப ஏறிவந்து, "எல்லாத்தையும்னு சொன்னாருல்ல" என்று ஏணியை மேலே இழுத்து வைத்துக்கொண்டான்.

"வேலை சுத்தம்" என்றான் நாச்சிமுத்து. "செரி, இப்ப எப்படி எறங்கறது?"