துடுக்கி முயலு வளத்த காகிதப்பூ

இந்தக் கதையில ஒவ்வொரு சொல்லும் நெசம். பொய்யின்னா என் நாக்குல கொப்புளம் வரட்டும். அட, எதுக்கு, உங்க நாக்குலயே வரட்டும்!

ஒரு காட்டுக்குளம். அதோட கெழக்குக் கரையில துடுக்கின்னு ஒரு முயலு, வளை தோண்டி நாலு குட்டியோட இருந்துச்சு. அந்தக் கரை மேல சன்னாசிக் கொக்குக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. மீனு அங்கதான் மேயும்.

"ஏ புள்ள, வளையக் காலி பண்ணு! உன் புழுக்கையால கரையோட அழகே கெட்டுப்போச்சு!"ன்னுச்சு கொக்கு.

"அழகா? அப்ப அழகுலயே மோதிப் பாப்போம், வாங்கண்ணே!"ன்னுருச்சு துடுக்கி.

பஞ்சாயத்து யானைப் பெரியய்யாகிட்ட போச்சு. அவரு பாழடஞ்ச பங்களாவுக்குப் போயி, ஒரே உசரத்துல ரெண்டு காகிதப்பூச் செடிய வேரும் மண்ணுமா கொண்டாந்து போட்டாரு.

"ஆளுக்கு ஒண்ணு வளங்க. நான் மலைக்குப் போயி மூணு மாசத்துல வருவேன். யாரு செடி நெறையப் பூத்திருக்கோ, அவுகளுக்குத்தான் கரை. தோத்தவுக மூட்டையக் கட்டிரணும்!"

கொக்கு முந்திக்கிட்டு, ஆலமர நெழலுல, தண்ணியோரமா நட்டுச்சு. துடுக்கி நேரா கல்லு மேட்டுக்குப் போயி, வெயிலு சுள்ளுன்னு அடிக்கிற எடத்துல நட்டுச்சு. அந்தப் பங்களாச் சுவத்துல, தண்ணி ஊத்த நாதியில்லாமலே இந்தச் செடி செவசெவன்னு பூத்துக் கெடந்தத அது பாத்திருக்கு.

கொக்கு நாளைக்குப் பத்து நடை தண்ணி ஊத்துச்சு. எருமைச் சாணி போட்டுச்சு, மீன் குடலு போட்டுச்சு. செடி மளமளன்னு ஏறுச்சு. துடுக்கியோ, வேரு புடிக்கிற வரைக்கும் தண்ணி காட்டிட்டு, அப்புறம் எல வாடுனா மட்டும் ஒரு கொட்டாங்கச்சி ஊத்துச்சு. அதோட விட்டுச்சா? போயி ஆட்டக் கூட்டியாந்துச்சு!

"மாயாண்டி மாமா, இந்தச் செடிய மேயுங்க."

"என்ன புள்ள, வெயில்ல மண்ட கொழம்பிருச்சா? ஊரே என்னையக் கல்ல விட்டு வெரட்டுது, நீ எல போட்டுப் பந்திக்குக் கூப்புடுற!"

"நுனியக் கிள்ளுனாத்தான் மாமா கெளை வெடிக்கும். கெளைக்குக் கெளை பூ. தண்டுல வாய வெச்சீருன்னா தாடிய உருவிருவேன்!"

கொக்கு அக்கரையில இருந்து கெக்கெக்கேன்னு சிரிச்சுது. "செடிக்குத் தண்ணி காட்டாத பாவி! ஆட்ட விட்டு வேற மேய்க்கிறா! பெட்டி படுக்கையக் கட்டிட்டியா?"

ரெண்டரை மாசம் ஆச்சு. ரெண்டு செடியிலயும் மொட்டுன்னு பேருக்கு ஒண்ணு இல்ல. கொக்கு செடி மட்டும் மூங்கிலு ஒசரம் நின்னுச்சு.

"அம்மா, நாம எங்க போவோம்?"னு கடக்குட்டி கேட்டுச்சு. துடுக்கி ஓடிப்போயி கொட்டாங்கச்சியில தண்ணி மொண்டு வந்துருச்சு. செடியப் பாத்துச்சு. எல வாடல. 'வேணாம், பொறு'ன்னு அந்தத் தண்ணியத் தானே மடக்கு மடக்குன்னு குடிச்சிருச்சு!

பெரியய்யா வந்த அன்னைக்குக் கல்லு மேடே தீப்புடிச்ச மாதிரி கெடந்துச்சு. எல தெரியல, கெளை தெரியல, அம்புட்டும் செவப்புப் பூவு! அங்கிட்டு கொக்கு செடியில எல இருந்துச்சு, எலக்கு மேல எல இருந்துச்சு. பூவு? ஒண்ணு கூட இல்ல!

"அநியாயம்! நான் எம்புட்டுச் செஞ்சேன்!"னு கொக்கு கத்துச்சு.

"நீ செஞ்சதெல்லாம் சரிதான். அதுக்கு என்ன வேணும்னு ஒரு நாளாவது பாத்தியா?"ன்னாரு பெரியய்யா. "கரை துடுக்கிக்கு!"

கொக்கு கோவத்துல விருட்டுன்னு திரும்புச்சு. அது வளத்த செடியிலதான் முள்ளுக்குக் கொறச்சலே இல்லியே, சரியா உக்கார்ற எடத்துல ஏறிருச்சு! 'ஐயோ'ன்னு பறந்ததுதான், எந்தக் குளத்துல எறங்குச்சோ தெரியல. நாலு குட்டியும் கரை முழுக்கக் குட்டிக்கரணம் அடிச்சுதுக.

அதனால, அள்ளிக் கொட்டுறது வளப்பு இல்ல. என்ன வேணும்னு அறிஞ்சு, அத மட்டும் செஞ்சுட்டுப் பொறுமையா இருக்குறவுகதான் செயிப்பாக.

என்ன எந்திரிக்கிறீக? ஆளுக்கு ரெண்டு உளுந்த வடையும் ஒரு டீயும் வெச்சிட்டு நடையக் கட்டுங்க!