ஆட்காட்டியின் காவல்

கடலோரச் சதுப்பு நிலம் ஒன்றில் ஓர் ஆட்காட்டிக் குருவி வாழ்ந்து வந்தது. உப்புச் சேற்றில் உமரிச் செடிகள் சிவந்து படர்ந்த இடம் அது. அங்கே யாரும் வேட்டையாடக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்தது. ஆனால் தடையெல்லாம் மனிதர்களுக்குத்தானே? நரிக்கு ஏது!

ஆட்காட்டி வெறுந்தரையில் நான்கு முட்டைகள் இட்டிருந்தது. எது அசைந்தாலும், "யாரது? யாரது?" என்று கூவிவிடும்.

மழை ஓய்ந்ததும் பூநாரைகள் கூட்டமாக வந்திறங்கின.

"ஐயோ, என்ன கத்தல் இது! நிம்மதியாக இரை தேட முடியவில்லையே!" என்று முகம் சுளித்தன.

ஆட்காட்டிக்குச் சுருக்கென்றது.

இதைக் கேட்ட நரி மெதுவாக ஆட்காட்டியிடம் வந்தது.

"ஆட்காட்டி அக்கா! உன் முட்டைகள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். ஆனால் தொடமாட்டேன். நாளைக் காலையில் நீ வாயைத் திறக்காதே. ஒரு பூநாரையைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறேன்."

"திறந்தால்?"

"முட்டைகள் என் வயிற்றில்!"

'என்னைப் பழித்தவர்களுக்காக என் பிள்ளைகளை இழப்பதா?' ஆட்காட்டிக்கு இரவெல்லாம் உறக்கமில்லை.

மறுநாள் பனிமூட்டம். நரி உமரிக்குள் பதுங்கிப் பதுங்கி வந்தது. ஓர் இளம் பூநாரை நீருக்குள் தலையை விட்டு மேய்ந்துகொண்டிருந்தது. அதுவும் ஒரு தாயின் பிள்ளைதானே! ஆட்காட்டியால் பொறுக்க முடியவில்லை.

"நரி! நரி! பறந்துவிடுங்கள்!"

கூட்டம் முழுவதும் சடசடவென்று வானில் எழுந்தது.

"உன்னை என்ன செய்கிறேன் பார்!" நரி முட்டைகளை நோக்கிப் பாய்ந்தது.

ஆட்காட்டி அதன் மூக்குக்கு முன்னால் பொத்தென்று விழுந்தது. ஒரு சிறகைத் தரையில் இழுத்தபடி நொண்டியது. சிறகொடிந்த பறவை! நரிக்கு எச்சில் ஊறியது. முட்டைகளை மறந்து துரத்தியது. இதோ பிடித்துவிட்டோம் என்று தாவியபோது, புதைசேறு அதை வயிறுவரை விழுங்கியது. ஆட்காட்டியோ இரு சிறகையும் விரித்து ஜிவ்வென்று பறந்தது!

கடல் நீர் ஏறிச் சேறு இளகிய பிறகுதான் நரி தத்தளித்துக் கரையேறியது. அப்படியே ஓட்டம் பிடித்தது; பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

மூத்த பூநாரை தலைகுனிந்து வந்தது.

"உன்னைக் குறை சொன்னோமே! எங்களை ஏனம்மா காப்பாற்றினாய்?"

ஆட்காட்டி நெஞ்சை நிமிர்த்தியது.

"இது என் மண்! இங்கே வந்திறங்கும் ஒவ்வோர் உயிருக்கும் நான் காவல்!"

பிறர் புகழ்ந்தாலும் பழித்தாலும், தன் மண்ணையும் அதை நம்பி வந்தவர்களையும் காப்பவரே தலைநிமிர்ந்து வாழ்வார்.